கழுத்து இரத்தக் குழாய் ஸ்கேன்: எப்படிச் செய்கிறார்கள், யாருக்குத் தேவை?

(ஃபேரர் பார்க் வட்டார மூத்த குடியிருப்பாளர்களுக்கு ஆற்றிய உரை)



நான் மருத்துவர் இல்லை. சுகாதாரத் தகவல்களைத் தமிழில் மொழிபெயர்ப்பது என் வேலை. தாளில் நாங்கள் 'மீயொலிப் பரிசோதனை' என்று எழுதுகிறோம். நீங்கள் 'ஸ்கேன்' என்றே சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் கதிர்வீச்சு, ஊசி, குகை மாதிரி இயந்திரம் என்று பயப்படாதீர்கள். இதில் அவை எதுவும் இல்லை.

கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் எதிரொலி வரும் அல்லவா? அதே முறைதான். நம் காதுக்கு எட்டாத ஒலியை ஒரு சிறிய கருவி கழுத்துக்குள் அனுப்புகிறது. உடலுக்குள் ஒலி நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் போகும். இரத்தம் முடிந்து குழாயின் சுவர் தொடங்கும் இடத்தில் கொஞ்சம் ஒலி திரும்பும். சுவரின் உட்பகுதி முடியும் இடத்தில் இன்னும் கொஞ்சம் திரும்பும். திரையில் அவை தண்டவாளம்போல இரண்டு கோடுகளாகத் தெரியும். நடுவில் உள்ள இடைவெளிதான் சுவரின் தடிமன். பொதுவாக 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. இப்படி அளக்கும் முறையை இத்தாலியின் மிலான் நகர ஆய்வாளர்கள் 1986ல் வெளியிட்டார்கள். கொழுப்பு படிந்த இடம் மேடாகத் தெரியும். இடையில் "உஷ், உஷ்" என்று சத்தம் வந்தால் பதற வேண்டாம். இரத்தம் ஓடும் வேகத்தை அளக்கிறார்கள், அவ்வளவுதான்.

கழுத்தில் ஜில்லென்று ஒரு ஜெல் தடவுவார்கள். நடுவில் காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாது, அதற்காகத்தான். தாலியைக் கழற்ற வேண்டுமா என்று அம்மாமார் கேட்பதுண்டு. பெரும்பாலும் ஒதுக்கி வைத்தாலே போதும். தயங்காமல் அங்குள்ளவரிடம் கேளுங்கள்.

இந்த ஸ்கேன் எல்லாருக்கும் தேவையா? இல்லை. எந்த அறிகுறியும் இல்லாதவர்கள் சும்மா எடுத்துப் பார்ப்பதை மருத்துவ வழிகாட்டிகள் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு இம்மூன்றையும் முதலில் பாருங்கள். புகைப்பவர்கள் அதை நிறுத்துவது எந்த ஸ்கேனைவிடவும் பயன் தரும்.

ஆனால் ஒன்று. திடீரென ஒரு கை மரத்துப்போகிறது, வாய் கோணுகிறது, பேச்சு குழறுகிறது. பத்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. நம்மில் பலர் "வாயுப் பிடிப்பு" என்று தைலம் தேய்த்துவிட்டுத் தேக்காவுக்குக் காய்கறி வாங்கக் கிளம்பிவிடுவோம். அது பக்கவாதத்தின் முன்னெச்சரிக்கையாக இருக்கலாம். அடுத்த ஒன்றிரண்டு நாட்களில் பெரிதாகவே வரக்கூடும். சரியாகிவிட்டாலும் உடனே 995ஐ அழையுங்கள். பிள்ளைகள் வேலை முடிந்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மருத்துவமனையில் செய்யும் சோதனைகளில் இந்தக் கழுத்து ஸ்கேனும் ஒன்றாக இருக்கலாம்.

முடிவில் "50 விழுக்காடு அடைப்பு" என்று இருந்தால் மூளையில் பாதி போய்விட்டது என்று பொருள் இல்லை. கழுத்துக் குழாய் அந்த இடத்தில் அவ்வளவு குறுகியிருக்கிறது என்பதே பொருள். பலருக்கு மருந்தே போதும், சிலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும். புரியாவிட்டால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். "தமிழில் சொல்ல யாராவது இருக்கிறார்களா?" என்று கேளுங்கள்.