எந்தச் சம்பந்தி முதலில்?

மெல்போர்ன் நகரத்தின் மேற்கே, 2015ஆம் ஆண்டு ரயில் நிலையம் திறக்கப்பட்டபின் வெகு துரிதமாக வளர்ந்துவிட்ட டார்னெய்ட் என்னும் புறநகரில், புடவையின் மேல் கம்பளிச் சட்டை அணிந்து, பேரக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிச் செல்லும் பாட்டி, கணவனின் தாயாரா, மனைவியின் தாயாரா என்னும் கேள்வி நமக்கு அற்பமாகத் தோன்றலாம். அந்தத் தம்பதிக்கு அது அற்பமன்று.

ஏனெனில், 2019இல் ஆஸ்திரேலிய அரசாங்கம் ஏற்படுத்திய தற்காலிகப் பெற்றோர் விசா, மூன்று அல்லது ஐந்து ஆண்டுகள் தங்க அனுமதிப்பதாயினும், ஒரு வீட்டுக்கு ஒரே சமயத்தில் இருவர்தாம் என்று நிபந்தனை விதித்தமையால், கல்யாணப் பந்தலில் சமமாக வீற்றிருந்த சம்பந்திகளுள் யாரை முதலில் அழைப்பது என்று பிள்ளைகளே தீர்மானிக்க வேண்டியதாயிற்று. “என் அம்மாவுக்கு முழங்கால் வலி; அடுத்த வருஷம் வர முடியுமோ என்னவோ” என்று மனைவி சொல்ல, தனியே இருக்கும் தன் தாயாரை நினைத்துக் கணவன் மௌனமாகிறான். இருபுறமும் நியாயமுண்டு, ஆயினும், பிரசவித்த பெண்ணுக்குப் பெற்ற தாயின் பராமரிப்பே முதற்கண் வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

மாமியார் வரும் வீட்டிலோ அதிகாரமே இடம் மாறிவிடுகிறது. ஊரில் சாவிக்கொத்தை இடுப்பில் செருகியிருந்தவர், காரோட்டவும் பாஷை பேசவும் வகையின்றி, கோயிலுக்குப் போவதற்கும் மருமகளின் விடுமுறை நாளுக்காகக் காத்திருக்கிறார். அதனை உணர்ந்து, சமையற்கட்டை மனமுவந்து அவரிடம் ஒப்புவிக்கும் மருமகள்மாரை நான் பெரிதும் மதிக்கிறேன்.