பேசும் பொருள்களும் கேட்கும் சுவர்களும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ரஞ்சன்குடியில் ஆற்றிய உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது குழந்தைகளுக்கான ஒரு கார்ட்டூன் படம். அழைப்பிதழில் இதைக் கண்டதும் நண்பர்கள் இருவர் என்னிடம் வருத்தப்பட்டார்கள். கோட்டையின் நிழலில் நின்றுகொண்டு, 1751-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய மண்ணில் நின்றுகொண்டு, ரொட்டி சுடும் கருவியைப் பற்றிப் பேசுவதா என்றார்கள். இன்று மாலைக் கவியரங்கின் தலைப்பு 'வீட்டுப் பொருள் பேசினால்' என்பதாகும். அதில் பாடவிருக்கும் ஒன்பது பேரில் நானும் ஒருவன். அந்த அச்சத்தினால்தான் இதைப் பேசுகிறேன்.

படத்தின் பெயர் 'தி பிரேவ் லிட்டில் டோஸ்டர்'. ஜெர்ரி ரீஸ் இயக்கத்தில் 1987-இல் வந்தது. தாமஸ் டிஷ் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1980-இல் வெளியிட்ட குறுநாவலே மூலக்கதை. காட்டோரத்தில் ஒரு கோடைவீடு. அங்கே ஒரு டோஸ்டர், ஒரு மேசைவிளக்கு, ஒரு வானொலி, ஒரு மின்போர்வை, முணுமுணுக்கும் ஒரு தூசி உறிஞ்சி. ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்த சிறுவன் வளர்ந்துவிட்டான், வருவதில்லை. காத்திருந்து சலித்த ஐந்தும், நாற்காலி ஒன்றில் கார் பேட்டரியை ஏற்றிக்கொண்டு நகரத்தை நோக்கிப் புறப்படுகின்றன. பேட்டரி தீர்ந்துபோகும் ஓர் இரவில், விளக்கு தன்னையே இடிதாங்கியாக்கி மின்னலை வாங்கி அதற்கு உயிரூட்டுகிறது.

இவ்வகைக் கதைகளுக்கு எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. மனிதர் பார்க்கும்போது பொருள் அசையக் கூடாது. காலடி ஓசை கேட்டவுடன் டோஸ்டர் வெறும் டோஸ்டராகிவிடும். 1995-இல் வந்த 'டாய் ஸ்டோரி' பொம்மைகளுக்கும் இதே சட்டம்தான்.

இதைப் பார்த்தபோது எனக்கு நன்னூல் நினைவுக்கு வந்தது. அஃறிணைப் பொருள்கள் கேட்பன போலவும், பேசுவன போலவும், நடப்பன போலவும், தொழில் செய்வன போலவும் சொல்லப்படலாம் என்று பவணந்தியார் இலக்கணம் வகுத்திருக்கிறார். தொல்காப்பியச் செய்யுளியலும் ஞாயிறு, திங்கள், கடல், நெஞ்சு என்று ஒரு நீண்ட பட்டியல் தந்து இவ்வாறே கூறுகிறது. கார்ட்டூன் படத்துக்கு இதைவிடச் சுருக்கமான விதி வேறில்லை. ஆனால் நம் இலக்கணிகள் 'போல' என்ற சொல்லை எங்கும் விட்டுவிடவில்லை. படமோ மனிதன் இல்லாதபோது அந்தப் 'போல'வை எடுத்துவிடுகிறது. மனிதன் வந்ததும் பொருளையே மௌனமாக்குகிறது. நம் மரபில் பேசும் பொருள் மனிதனுக்கு எதிரில்தான் பேசும். பல இடங்களில் அவனைப் பேசவைப்பதற்காகவே பேசும்.

விக்கிரமாதித்தன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பேசாமடந்தை வருகிறாள். அவளைப் பேசவைக்க வேண்டும். விக்கிரமாதித்தன் அறையிலுள்ள திரைச்சீலை, விளக்கு முதலிய பொருள்களுக்குள் வேதாளத்தைப் புகவைக்கிறான். பொருள் கதை சொல்கிறது. முடிவில் ஒரு கேள்வி. அதற்கு வேண்டுமென்றே தவறான விடை. பொறுக்கமாட்டாமல் அவள் வாய்திறந்து மறுக்கிறாள். தவறாகப் பேசும் விளக்கு அல்லவா மௌனத்தை உடைக்கிறது! நம் கவியரங்க நாற்காலிகளும் குத்துவிளக்குகளும் எப்போதும் சரியாகவே பேசுவதால்தான் அவையில் ஒருவரும் மறுத்து வாய்திறப்பதில்லையோ என்று எனக்கு ஐயம்.

அதே கதையில் முப்பத்திரண்டு பதுமைகள் சிம்மாசனப் படிகளில் நிற்கின்றன. போஜராஜன் ஏற வரும்போதெல்லாம் ஒரு பதுமை தடுத்து, விக்கிரமாதித்தனைப் போன்ற பெருமை உனக்கு உண்டா என்று கேட்கிறது. அமெரிக்க டோஸ்டர் ஒருபோதும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. எஜமான் தகுதியுள்ளவன்தானா என்று ஐயுறுவது கோடைவீட்டுச் சுவரில் பொருத்தப்பட்ட குளிரூட்டி மட்டுமே. அது சினத்தில் வெடித்துப்போகிறது.

டிஷ் எழுதிய முடிவு படத்தில் இல்லை. நூலில், நகரத்தை அடைந்த பொருள்கள் எஜமானுக்குத் தாங்கள் இனித் தேவையில்லை என்று அறிகின்றன. வானொலியில் பண்டமாற்று நிகழ்ச்சி ஒன்றின் வழியாக, வயது முதிர்ந்த ஒரு நடனக்காரியிடம் போய்ச் சேர்ந்து அவளுக்குப் பயன்படுகின்றன. படத்திலோ பழைய கார்களை நசுக்கும் களத்தில் டோஸ்டர் பற்சக்கரத்துள் பாய்ந்து தன் எஜமானைக் காப்பாற்றுகிறது. அவன் அதைச் செப்பனிட்டுக் கல்லூரிக்கு எடுத்துப் போகிறான். குடும்பப் படம் என்றால் பிரிந்தவர் சேர வேண்டும். அது வணிகம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நூலின் முடிவே எனக்கு உண்மையாகப் படுகிறது.

படத்தில் இன்னொரு காட்சி. நகர வீட்டிலுள்ள புதுக் கருவிகள் மின்னுகின்றன. பழையவற்றை ஏளனம் செய்து குப்பைத் தொட்டியில் தள்ளுகின்றன. புறநானூற்றின் 95ஆம் பாடலில் ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்துவிட்டுச் சொன்னதை எண்ணிப் பாருங்கள். உன் வேல்கள் மாலை சூடி, நெய் பூசி, காவலுள்ள மனையில் இருக்கின்றன. அதியமானுடைய வேல்களோ நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். அங்கே ஒரு வேலும் பேசவில்லை. முனை முறிந்து கிடப்பதே பேச்சாகிவிட்டது. முரசுக்குத் தனிக் கட்டிலும் நீராட்டும் வைத்திருந்த நாடு இது. முரசு நீராடப் போயிருந்த வேளையில் அந்தக் கட்டிலில் உறங்கிவிட்ட மோசிகீரனாருக்குச் சேரமான் விசிறி வீசிய கதை உங்களுக்குத் தெரியும். அந்த முரசும் பாட்டில் எங்கும் பேசவில்லை.

பேசாமலே ஒரு கதையை நடத்தும் பொருளுக்கு என் மனத்தில் முதலிடம் சுவருக்குத்தான். ஏ.கே. ராமானுஜன் 1991-இல் வெளியிட்ட இந்திய நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் ஒரு தமிழ்க் கதை உண்டு. இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள். நால்வராலும் துன்புறும் ஒரு கைம்பெண். சொல்லியழ ஆளில்லாமல், துயரத்தை உள்ளேயே வைத்து உடம்பு பருத்துப்போகிறாள். ஊருக்கு வெளியே கூரையிழந்த பாழ்வீடு ஒன்றைக் காண்கிறாள். ஒரு மகனால் பட்டதை ஒரு சுவரிடம் சொல்கிறாள். பாரம் தாங்காமல் சுவர் இடிந்து விழுகிறது. அவள் உடம்பு சற்று இலேசாகிறது. இப்படியே நான்கு சுவர்களும் விழுகின்றன. கதை முழுவதும் சுவர் ஒரு சொல்லும் பேசவில்லை. கேட்டது, அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் நாம் அனைவரும் 'ஒரு ரூபாய் நாணயத்தின் தன்வரலாறு' எழுதியவர்கள். அந்தப் பயிற்சி நம்மை விட்டுப் போகவில்லை. குடை பேசும், செருப்பு பேசும், கடைசி வரியில் மனிதனுக்கு அறிவுரை சொல்லும். பொருளின் வாயில் நம் சொற்பொழிவை வைத்து அடைத்துவிட்டு அதை உயிரூட்டல் என்கிறோம்.

என் வீட்டுக் கதையைச் சொல்லி நிறுத்துகிறேன். 2011-இல் அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கத் தொடங்கியபின் எங்கள் வீட்டுக்கும் அவை வந்தன. அம்மா ஆட்டுக்கல்லைப் பின்கட்டுக்கு உருட்டச் சொன்னார். குழவியை மட்டும் கொடுக்கவில்லை. சமையற்கட்டின் மூலையில் நிறுத்திவைத்தார். கேட்டதற்கு, "அது பாட்டுக்கு இருக்கட்டும்டா" என்றார். அம்மா போய்ச் சில ஆண்டுகள் ஆகின்றன. வீடு பூட்டிக் கிடக்கிறது. இந்தப் பக்கத்தில் வளைகுடாவுக்கும் சென்னைக்கும் போனவர்களின் வீடுகள் எத்தனை பூட்டிக் கிடக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். சென்ற மாதம் கதவைத் திறந்தபோது கிரைண்டரின் மேல் ஒட்டடை. மூலையில் குழவி நின்ற இடத்திலேயே நின்றது. தலைப்பகுதி அம்மாவின் கைபட்டு வழவழப்பாக இருந்தது. கையை வைத்துப் பார்த்தேன். அதை மாலையில் பேசவைக்கலாம் என்று ஒரு வாரமாக முயன்றேன். நான்கு பக்கம் எழுதிக் கிழித்தேன். கவியரங்கில் என் முறை ஏழாவது. குழவி பேசாது என்பதை இப்போதே தலைவரிடம் தெரிவித்துக்கொள்கிறேன். நான் அதனிடம் பேச இரண்டு நிமிடம் தந்தால் போதும்.