மரத்தூளும் நம் மூச்சும்



யாழ்ப்பாணத்திலே வேம்பும் பனையும் அறுக்கிற வீட்டுப் பட்டறைகளைப் பற்றிப் பேச வந்தோம். இஸ்டோரில் தேயிலைத் தூசு பட்ட உங்களுக்கு இது லேசா விளங்கும். தரையில் விழும் தூளைக் கூட்டிவிடலாம். கண்ணுக்குத் தெரியாத தூள்தான் நெஞ்சுக்குள் போகும். மரத்தூள் மூக்கில் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் அறிவித்தது.

கடையில் வாங்கும் தூள் குழாய் மெசின் வாய்க்குப் பொருந்தலையா? ஏறக்குறைய அதே அளவுள்ள பிவிசி குழாயின் நுனியைக் கொதிநீரில் பிடியுங்கள், இளகும். கையுறை போட்டு வாயில் செருகி ஆறவிட்டால் அந்த அளவிலேயே இறுகிவிடும். நெருப்பில் காட்டாதீர்கள், நச்சுப்புகை வரும். குழாய் நீண்டாலும் வளைந்தாலும் இழுவை குறையும். தூள் பையை வெளியே கட்டுங்கள். பிள்ளைகள் படுக்கிற அறையில் மெசின் வேண்டவே வேண்டாம்.