பொன்மணியும் எங்கள் வீடுகளும்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் ஒரு பழைய திரைப்படத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கக்கூடும். 1977 இல் வெளிவந்த 'பொன்மணி' யாழ்ப்பாணத்து வீடொன்றின் கதை. அந்த வீட்டுப் பெண்கள் எங்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களைப் போன்றவர்கள். அதனாலேதான் பேச விரும்புகிறோம்.

இதனை இயக்கியவர் தர்மசேன பத்திராஜ. அவர் சிங்களவர், யாழ்ப்பாண வளாகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். திரைக்கதை காவலூர் இராஜதுரையுடையது. நடித்தவர்களுள் சித்திரலேகா மௌனகுருவும் ஒருவர். பெரிய முதலீடு இல்லை, பேர்பெற்ற நட்சத்திரங்கள் இல்லை. சென்னைப் படங்களில் பழகியிருந்த எங்கள் சனத்துக்கு அதன் நிதானமான போக்குப் பிடிபடவில்லை. படம் ஓடவில்லை.

கதை நாங்கள் அறிந்ததே. நொடித்துப்போன ஒரு 'நல்ல' குடும்பம். மூத்தவளுக்குச் சீதனம் சேரவில்லை, காத்திருக்கிறாள். இளையவள் பொன்மணி, ஊர் தாழ்த்தி வைத்த சாதியைச் சேர்ந்த ஒருவனோடு வீட்டை விட்டுப் போகிறாள். ஊர் அவளை மன்னிக்கவில்லை. ஓடிப்போனவளைப் பற்றி ஊர் நிறையப் பேசும். காத்திருந்தவளைப் பற்றி ஆர் பேசினார்கள்? எங்கள் வகுப்புகளிலும் அப்படிக் காத்திருந்தவர்கள் உண்டு. அவர்களிற் சிலர் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள்.

இங்கே நாங்கள் அட்சரகணிதம் படித்தோம், குறள் மனனம் செய்தோம். சீதன உறுதியை வாசிக்க ஒருவரும் கற்றுத் தரவில்லை. 1707 இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமையின்படி சீதனம் பெண்ணின் சொத்து. ஆயினும் அச்சட்டத்துக்கு உட்பட்ட மணமான பெண், தன் பேரிலுள்ள காணியையோ வீட்டையோ விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். பெற்றோர் கடன்பட்டுத் தேடிக் கொடுத்ததுக்கும் அவள் முழு உரிமைக்காரி அல்லள்.

சட்டத்தை மாற்றுவது நெடிய வேலை. வீட்டில் நாங்கள் செய்யக்கூடியவை உள்ளன. இன்று கலியாணப் பேச்சில் பாயில் இருப்பவர்கள் நாங்களே, தாய்மாராகவும் மாமிமாராகவும். மகனுக்குப் பேசும்போது "என்ன குடுப்பினம்?" என்று கேட்காமல் விடலாம். மகளுக்கு எழுதும் உறுதியை, கையொப்பம் வைக்கமுன் அவளே ஒருமுறை வாசிக்கட்டும். கொழும்பிலோ ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருந்தாலும் இதற்கு விலக்கில்லை. கேள்வி அங்கேயும் எங்களோடு வந்திருக்கிறது.

இங்கே படித்த எவளும், அக்காவென்றாலும் தங்கையென்றாலும், பணத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. இந்த நூற்றாண்டில் எங்கள் சங்கம் அந்த ஒன்றையாவது மனதில் எடுத்துக்கொள்ள வேண்டும் எனக் கேட்டு அமைகிறோம்.