விடைக்கு முன் வினா



என்னிடம் தமிழ் பயின்ற மாணவன் ஒருவன் இன்று கிளிநொச்சி அறிவியல் நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தில் படிக்கிறான். விடுமுறையில் வந்தவன் சொன்னான்: "சேர், கணக்கைத் தந்தால் செய்துவிடுவன். இப்ப ஊரில் உள்ள குறையொன்றை நீயே கண்டுபிடித்துத் தீர்வு சொல் என்கிறார்கள். எங்கே தொடங்குவதென்றே தெரியவில்லை."

அவன் சொன்னது என்னைத் தைத்தது. உயர்தரத்துக்கு அவன் கடந்தகால வினாத்தாள்களையே செய்து பழகியவன். நானும் மாதிரிக் கட்டுரைகளைக் கொடுத்துப் பாடமாக்கச் சொன்னவன்தானே!

மறுநாள் குறிகட்டுவானில் படகேறி இருவரும் நெடுந்தீவுக்குப் போனோம். அங்கே முருகைக்கற்களைச் சாந்தின்றி அடுக்கிய மதில்கள் உண்டு. "ஏன் சாந்து பூசவில்லை?" என்று கேட்டேன். "அந்தக் காலத்தில் சீமெந்து இல்லை" என்றான் உடனே.

"விடை வந்துவிட்டது. வினாவை யோசித்தாயா?"

மதிலோரமாய் நெடுநேரம் நடந்தான். கல்லிடுக்கில் கையை வைத்துப் பார்த்தான். பிறகு கேட்டான்: "இந்தக் கல்லைச் சுட்டாலே சுண்ணாம்பு வருமே, சுடுவதற்கு விறகு கிடைத்ததா? கடற்காற்றின் வேகத்தை இந்த இடுக்குகள் தணிக்குமா? சரிந்தால் அதே கல்லையே மீண்டும் அடுக்கலாமா?"

மூன்று வினாக்கள்! மூன்றையும் ஆராய்ந்து பார்க்கலாம்.

கணிதப் பேராசிரியர் ஜோர்ஜ் போல்யா 1945 இல் வெளியிட்ட நூலில், கணக்கை விளங்கிக்கொள்ளல், வழி வகுத்தல், செய்தல், திரும்பிப் பார்த்தல் என நான்கு படிகள் சொன்னார். நம் வள்ளுவரும் மருத்துவனுக்கு நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே மருந்தைச் சொல்கிறார். இருவருக்கும் முதற்படி ஒன்றே.

2024 மார்ச்சில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் சூரிய ஒளியையும் காற்றையும் இணைக்கும் மின்திட்டத்துக்கு ஒப்பந்தம் கைச்சாத்தானது. காற்று ஓய்ந்த இரவில் மின்சாரம் குறைந்தால் முதலில் யாருக்குக் கொடுப்பது? மருத்துவமனைக்கா, மீனவரின் ஐஸ் பெட்டிக்கா? இது எந்த வினாத்தாளிலும் வராத கணக்கு. தீவிலே நின்று, மக்களைக் கேட்டுத்தான் போடவேண்டும்.

இந்தத் தவணை நான் மாதிரிக் கட்டுரை கொடுக்கவில்லை. "உங்கள் வீட்டுக் கிணற்றைப் பற்றிப் பத்து வினாக்கள் எழுதி வாருங்கள்" என்றேன். "இதற்குப் புள்ளி கிடைக்குமா?" என்று பெற்றோர் சிலர் கேட்டனர். நியாயமான கவலைதான்.

ஆனால் ஒரு சிறுமி எழுதியிருந்தாள்: "எங்கள் கிணறு உவர். பக்கத்து வளவுக் கிணறு நன்னீர். இடையில் இருப்பது வேலி மட்டுமே. ஏன்?"

அவள் பொறியியலாளராக வருவாளோ என்னவோ, நேயர்களே, அந்த 'ஏன்' அவளிடமிருந்து போய்விடக் கூடாது. அதைக் காப்பது ஆசிரியர்களாகிய எங்கள் பொறுப்பு.