முகம் மட்டும் அறிந்தவர்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



உற்றார் ஒருவர் இறந்தால் செய்ய வேண்டியவற்றை நம் முன்னோர் வகுத்து வைத்திருக்கின்றனர். இத்தனை நாள் தீட்டு, இன்ன நாளில் காடாற்று, இன்ன நாளில் கருமாதி என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. ஆனால், ரம்புக்கனைப் புகையிரத நிலையத்தில் நாள்தோறும் நம்முடன் வண்டி ஏறியவர் சில நாளாக வரவில்லை. இறந்துவிட்டார் என்று பிறகு அறிகிறோம். பெயர் தெரியாது, வீடு தெரியாது. அழுவதற்கு உரிமை இருக்கிறதா என்று தயங்குகிறோம். மறக்கவும் மனம் வருவதில்லை. இந்தத் துக்கத்துக்கு வழி என்ன?

நம் சமயம் இதற்கும் இடம் வைத்திருக்கிறது. மகாளய பட்சத்தில் தர்ப்பணம் செய்வோர் தந்தை வழி, தாய் வழி முன்னோரோடு நிறுத்துவதில்லை. காருண்ய பித்ருக்கள் என்று குருவுக்கும் நண்பருக்கும் எள்ளும் நீரும் இறைக்கிறார்கள். முடிவில், நீர் விட எவருமே இல்லாதவர்களுக்கும் ஒரு கை நீர் உண்டு. உறவு முடியும் இடத்தில் கருணை முடிந்துவிடலாகாது என்பதே இதன் கருத்து.

2016 மே 17ஆந் திகதியை நினைத்துப் பாருங்கள். அன்று நம் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து மூன்று கிராமங்களை மூடியது. இறந்தோரும் காணாமற் போனோரும் நூற்றுக்கு மேற்பட்டோர். அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயத்தின் மேல் மண் விழுந்து உயிர்களைக் கொண்டு போயிற்று. சந்தையிலும் பஸ்ஸிலும் நாம் கண்ட முகங்களில் எவை அன்று மறைந்தன என்பது நம்மில் பலருக்கு இன்றும் தெரியாது.

2022 ஏப்ரல் 19ஆந் திகதி, இதே ஊரில், எரிபொருளுக்காகப் புகையிரதக் கடவையை மறித்து நின்றோர் மீது பொலிஸார் சுட்டதில் ஒருவர் மாண்டார். அதைப் பற்றி அரசியல் பேசினோம், வழக்குப் பேசினோம். அவர் வீட்டு வாசலை நினைத்துப் பார்த்தோமா?

ஆகவே இளைஞர்களே, வெள்ளைக் கொடி கட்டிய பாதை நாம் முகமறிந்தவரின் வீட்டுக்குப் போவதானால், தயங்காமற் போவோம். தமிழர் வீடானாலும் சிங்களவர், முஸ்லிம்கள் வீடானாலும் போவோம். பின்வரிசையில் அமர்வோம். எப்படி இறந்தார் என்று துருவிக் கேட்க வேண்டாம். வீட்டாரை விட உரத்து அழவும் வேண்டாம். நாம் அறிந்த சிறிதை மட்டும் சொல்வோம். "கைக்குழந்தையோடு யார் வந்தாலும் எழுந்து இடம் கொடுப்பார், அம்மா" என்று ஒரு வார்த்தை போதும். அது அவர் மனைவி மக்களுக்குத் தெரியாதிருக்கலாம். வீட்டார் காணாத அவருடைய வாழ்வில் ஒரு சிறு பங்கு நம்மிடம் இருக்கிறது. அதை அவர்களிடம் சேர்ப்பது நம் கடமை.

போக இயலாதவர் அமாவாசையன்று கோயிலில் ஒரு விளக்கேற்றுங்கள்.

இன்னும் ஒன்று. பால் கொண்டு வருபவரிடமும் கடிதம் கொண்டு வருபவரிடமும் நாளைக்கே பெயரைக் கேட்டு வையுங்கள். மரண அறிவித்தலில் படித்துத்தானா ஒருவர் பெயரை நாம் அறிய வேண்டும்?