கைவிட்ட எண்ணெய்க் கிணற்றுக்கு யார் பொறுப்பு?



வற்றிய கடலடி எண்ணெய்க் கிணற்றைச் சிமெண்டால் அடைத்து, அமெரிக்க விதிப்படி கடல்தரைக்கு 15 அடி கீழே குழாயை வெட்டிவிட வேண்டும். செலவோ அதிகம், வரவோ இல்லை. ஆகவே, 'தற்காலிகமாகக் கைவிட்டோம்' என்று எழுதிவிட்டுச் சும்மா இருப்பவர்கள் உண்டு. மெக்சிகோ வளைகுடாவில் அப்படி 3,500 கிணறுகள் இருந்ததை 2010-இல் அசோசியேட்டட் பிரஸ் வெளியிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவை பத்தாண்டுகளைத் தாண்டியவை. இதுவா தற்காலிகம்?

2004 செப்டம்பரில் ஐவன் சூறாவளியின்போது கடலடிச் சேறு சரிந்து, டெய்லர் எனர்ஜி நிறுவனத்தின் எண்ணெய் மேடை சாய்ந்தது. கிணறுகள் சேற்றில் புதைந்தன. ஒன்பதை அடைத்தார்கள், கசிவு நிற்கவில்லை. கசியும் எண்ணெயைப் பிடிக்கும் சாதனம் பொருத்தப்பட்டதே 2019-இல்தான்!

நிறுவனம் 2008-இல் தன் எண்ணெய்ச் சொத்துகளை விற்றுவிட்டது. நல்லவேளை, துப்புரவுக்கென 666 மில்லியன் டாலரை அரசாங்கம் தனி நிதியாக ஒதுக்க வைத்திருந்தது. அதில் மீதமிருந்த சுமார் 432 மில்லியன் டாலர், 2021-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அரசாங்கத்திடம் வந்தது. அதுவும் இல்லையென்றால் மக்களின் வரிப்பணம்தானே போயிருக்கும்?

திரெங்கானு, சரவாக் கடலிலும் எண்ணெய் மேடைகள் மூப்படைந்து வருகின்றன. மூடும் செலவுக்கான பணத்தை எண்ணெய் வரும்போதே முழுமையாக வாங்கி வைத்துவிட வேண்டும். கிணறு வற்றிய பிறகு யாரிடம் போய்க் கேட்பது?